பெரம்பூர்த் தொகுதியும் சத்தியவாணி முத்துவும்

(பெரம்பூரில் நடைபெற்ற படிப்பகக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, இளைய நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் வியாசர்பாடி முல்லை நகரில் ஒரு சகோதரியின் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலை ஒட்டி ஒரு தையல் இயந்திரம். மிதிபலகையில் பாதம் படும் இடத்தில் மட்டும் வண்ணம் தேய்ந்து இரும்பு வெளுத்திருந்தது. பள்ளிச் சீருடைக்கான நீல நூல்கண்டு மேலே நின்றது. "அரசாங்கத்துல கொடுத்தது அண்ணே, சத்தியவாணி முத்து அம்மையார் திட்டம்" என்றார். அந்த அம்மையார் யாரென்று தெரியுமா என்று கேட்டேன். "மந்திரியா இருந்தாங்கன்னு எங்க ஆயா சொல்லும், எந்த ஊர்க்காரங்கன்னு தெரியாது" என்றார். "நம்ம பெரம்பூர் எம்.எல்.ஏ. அம்மா" என்று நான் சொன்னதும், தைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இன்றைக்கு நான் பேச வந்திருப்பது அந்தப் பார்வைக்காகத்தான். இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தின் பெயராக மட்டும் நாம் அறிந்து வைத்திருக்கும் ஒருவர், மூன்று முறை இந்தத் தொகுதியில் வென்று, ஏழாண்டுக் காலம் அமைச்சராக இருந்து, தம் மக்களுக்காகத் தனிக்கட்சியே கண்டவர் என்பதை அவருடைய தேர்தல்களின் வழியாகவே சொல்ல விரும்புகிறேன்.

சத்தியவாணி முத்து 1923ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் பிறந்தவர். 1949 செப்டம்பரில், நம் வடசென்னை இராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்ததே, அந்தத் தொடக்க காலத்திலிருந்தே கழகத்தில் இருந்தவர். 1953இல் இராஜாஜியின் கல்வித் திட்டத்தை, குலக்கல்வித் திட்டம் என்று நாடே எதிர்த்த அந்தத் திட்டத்தை எதிர்த்துப் போராடிச் சிறை சென்றவர். 'அன்னை' என்ற இதழின் ஆசிரியராகவும், 1959 முதல் 1968 வரை கழகத்தின் கொள்கை பரப்புச் செயலாளராகவும் பணியாற்றினார். மேடையில் பெண்கள் அரிதாக ஏறிய அந்நாளில், அதிலும் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண் ஒருவர், ஒரு பெரிய இயக்கத்தின் கொள்கையை ஊர் ஊராகச் சொல்லும் பொறுப்பில் இருந்தார் என்பதை நாம் சாதாரணமாகக் கடந்து போகக் கூடாது.

அவர் முதலில் வென்ற 1957 தேர்தலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த முறையையே இன்றைய தலைமுறை அறியாது. அன்றைக்குப் பெரம்பூர் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒன்று பொது இடம், மற்றொன்று தாழ்த்தப்பட்டோருக்கான இடம். வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒரே வேட்பாளருக்குப் போட முடியாது. முத்திரை குத்துகிற வழக்கமும் அப்போது இல்லை. மறைப்புக்குப் பின்னால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, பெட்டியின் மேல் அவருடைய சின்னம். வாக்குச்சீட்டை விரும்பிய பெட்டிக்குள் போட்டுவிட்டு வர வேண்டும். கழகத்துக்கு அப்போது தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் கிடைக்கவில்லை. அது மறு ஆண்டில்தான் வந்தது. ஆகவே அண்ணா உட்பட எல்லோரும் சுயேச்சைகளாகவே நின்றார்கள். இப்படி வென்று சட்டமன்றத்துக்குள் முதன்முதலாகப் போன பதினைந்து பேரில், பெரம்பூரின் சத்தியவாணி முத்துவும் ஒருவர்.

ஆலைத் தொழிலாளரும் இரயில்வே தொழிலாளரும் நிறைந்த வட்டாரம் இது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் பின்னி ஆலைத் தொழிலாளரை முன்வைத்துத்தான். 1921 வேலைநிறுத்தத்தில் சாதி இந்துத் தொழிலாளருக்கும் ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் இடையே பகை மூண்டு, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்ததும் இதே மண்ணில்தான். அந்தக் காயம் பட்டு முப்பத்தாறு ஆண்டுகள் ஆன பின், இரு தரப்பாரும் வாழ்ந்த இவ்வட்டாரத்தில் ஒரு தாழ்த்தப்பட்ட பெண்மணி வாக்குக் கேட்டு வென்றார் என்பதை, அந்த வெற்றியின் முதன்மையான பொருளாக நான் கருதுகிறேன்.

1962இல் அவர் தோற்றார். 1957இல் வென்ற பதினைந்து பேரையும் வீழ்த்த வேண்டும் என்று காமராசர் வகுத்த வியூகத்தில், தஞ்சாவூருக்குத் தொகுதி மாறிய கலைஞர் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லோருமே விழுந்தார்கள். காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். இதற்கிடையில் இரட்டைத் தொகுதி முறையை 1961இல் சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பெரம்பூர் நெடுங்காலம் தனித்தொகுதியாக இருந்தது.

1967இல் மீண்டும் பெரம்பூர் அவரை அனுப்பியது. மார்ச் 6ஆம் நாள் பதவியேற்ற அண்ணாவின் ஒன்பது பேர் அமைச்சரவையில் அவர் ஒருவரே பெண். ஹரிஜன நலமும் செய்தித் துறையும் அவருக்குத் தரப்பட்டன. மறு ஆண்டு டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டபோது ஹரிஜன நலத் துறையின் பொறுப்பு இவரிடம் இருந்தது. கூலி உயர்வு கேட்ட மக்களைச் சாதியும் நிலமும் சேர்ந்து எரித்த அந்த இரவுக்குப் பின், ஒரு நலத்துறையால் விடுதியும் உதவித்தொகையும் கொடுக்க முடியுமே ஒழிய, நிலத்தையும் காவல் நிலையத்தையும் தொட முடியாது என்பது வெளிப்பட்டுவிட்டது. தம் சமூகத்துக்கான துறையைத் தம் கையில் வைத்திருந்தும் அதன் எல்லை எவ்வளவு குறுகியது என்பதை அந்த அம்மையார் அருகிலிருந்து பார்க்க நேர்ந்தது.

1971இல் கழகம் 184 இடங்களைப் பிடித்த தேர்தலில் அவரும் மூன்றாம் முறையாக வென்றார். கலைஞர் அமைச்சரவையிலும் தொடர்ந்தார். ஆனால் 1974இல், கழகத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு உரிய இடமும் அக்கறையும் இல்லை என்று குற்றம்சாட்டி வெளியேறி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். கால் நூற்றாண்டு உழைத்த இயக்கத்தையும் அமைச்சர் பதவியையும் விட்டு வெளியே வருவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அவருடைய குற்றச்சாட்டு முழுதும் சரியா என்று நீங்கள் வாதிடலாம். 1970இல் குடிசை மாற்று வாரியம் கண்டது அதே ஆட்சிதான் என்று எடுத்துச் சொல்லலாம். அந்த வாதம் நியாயமானது. ஆயினும் என் கருத்து இது: தனித்தொகுதியில் நிற்பவர் தம் சமூகத்தவராக இருந்தாலும், அவரை நிறுத்துவது கட்சி, வெல்ல வைப்பது எல்லாச் சாதியினரும் சேர்ந்த வாக்கு. கட்சியை விட்டு ஒரு சொல் தனித்துப் பேசினால் அடுத்த முறை அந்த இடம் இல்லை. அண்ணல் அம்பேத்கர், பொது வாக்கோடு தம் மக்கள் மட்டுமே வாக்களித்துத் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் இரட்டை வாக்குரிமை கேட்டு நின்றதும், 1932இல் அதைக் கைவிட்டுத் தனி இடங்களை மட்டும் ஏற்ற பூனா ஒப்பந்தத்துக்கு மனமின்றி உடன்பட்டதும் இந்தச் சிக்கலை முன்கூட்டியே கண்டதால்தான்.

1977இல் உளுந்தூர்ப்பேட்டையில் நின்றார்; தோற்றார். அவருடைய கட்சியும் அ.தி.மு.க.வில் இணைந்தது. 1978இல் மாநிலங்களவைக்குச் சென்றவர், மறு ஆண்டு ஆகஸ்டில் சரண் சிங் அமைச்சரவையில் சமூக நலத்துறை அமைச்சரானார். திராவிடக் கட்சியைச் சேர்ந்தவர்கள் ஒன்றிய அமைச்சரவையில் இடம்பெற்றது அப்போதுதான் முதல்முறை. அவரும் அ.தி.மு.க.வின் பாலா பழனூரும் அப்படி இடம்பெற்ற இருவர். சில மாதங்களே நீடித்த அமைச்சரவை அது. பிறகு 1984இல் பெரம்பூருக்கே திரும்பி வந்து அ.தி.மு.க. சார்பில் நின்றார். தி.மு.க. அவருக்கு எதிரே நிறுத்தியது பரிதி இளம்வழுதி என்ற இளைஞரை. பெரம்பூர் அந்த இளைஞரைத் தேர்ந்தெடுத்தது. 1999 நவம்பர் 11 அன்று அம்மையார் மறைந்தார்.

2008 தொகுதி மறுசீரமைப்பில் பெரம்பூர் பொதுத்தொகுதியாகிவிட்டது, பக்கத்தில் திரு.வி.க. நகர் தனித்தொகுதியாக உருவானது. கூவம் கரையில் அவர் பெயரைத் தாங்கியிருந்த சத்தியவாணி முத்து நகர் மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள்.

இந்த அவையில் 1967இலோ 1971இலோ அவருக்கு வாக்களித்த பெரியவர்கள் இருக்கக்கூடும். எந்தத் தெருமுனையில் அவர் பேசினார், என்ன பேசினார், யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார் என்று உங்களுக்கு நினைவிருந்தால், கூட்டம் முடிந்ததும் தயவுசெய்து போய்விடாதீர்கள். நான் நோட்டுப் புத்தகத்தோடு வாசல் அருகே உட்கார்ந்திருப்பேன். முல்லை நகர்ச் சகோதரியும் கேட்க வந்திருக்கிறார்.