நின்று காத்திராத பார்சர்

(மதுரையில் கணிப்பொறியியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே, வணக்கம்.

இலக்கணத்தை எழுதிக் கொடுத்தால், அதன்படி உள்ளீட்டைப் பகுத்துப் படிக்கும் நிரலாகிய பார்சரை உருவாக்கித் தரும் யாக், பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1970-களில் படைத்த கருவி. அதன் வழிவந்த பைசனை உங்களில் பலர் கம்பைலர் பாடத்தில் இயக்கியிருப்பீர்கள். அது தரும் பார்சர், உள்ளீட்டைச் சொல் சொல்லாக வெட்டித் தரும் லெக்சரை அழைத்து, அடுத்த டோக்கனை, அதாவது அடுத்த சொல்லைக் கேட்கிறது. கிடைக்கும் வரை நிற்கிறது. கோப்பைப் படிக்கும்போது இதனால் தொல்லை இல்லை. மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையின் விலைகள் வரிவரியாக நாள் முழுதும் வலையமைப்பில் வந்துகொண்டிருக்கின்றன, ஒரே நிரல் பல இணைப்புகளைக் கவனிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓர் இணைப்புக்காக நின்றால் மற்றவை அனைத்தும் நின்றுவிடும்.

இதற்காக இலக்கணத்தையே கைவிட்டு, பார்சரைக் கையால் எழுதப் புகுவோரைக் காணும்போது எனக்கு வருத்தமே உண்டாகிறது. மாற வேண்டியது யார் யாரை அழைப்பது என்பது மட்டுமே. யாக்கும் பைசனும் தரும் எல்.ஆர். வகைப் பார்சரின் நினைவு முழுவதும் ஓர் அடுக்கில் அடங்கிவிடுவதால், அவ்வடுக்கைச் செயற்கூற்றின் உள்மாறியாக விடாமல் தனி அமைப்பில் வைத்துக்கொண்டு, டோக்கன் வரும்போதெல்லாம் ஒன்றைத் தள்ளிவிட்டுத் திரும்பிவிடலாம். பைசனில் இந்தப் புஷ் முறையை ஓர் அறிவிப்பு வரியிலேயே பெறலாம். எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்குப் பார்சர் தரும் லெமன் கருவியில் இயல்பான முறையே இதுதான். ஆனால் ஆன்ட்லர் 4 என்னும் மற்றொரு கருவி தருவது ஒன்றையொன்று அழைக்கும் செயற்கூறுகளின் தொகுதி. அதன் நினைவு மொழியின் அழைப்பு அடுக்கில் கிடப்பதால், அதை இடையில் நிறுத்திவைக்கப் பெரும்பாலும் தனி இழை தேவைப்படும்.

உண்மையான இடர் லெக்சரில்தான் இருக்கிறது. கிலோ 1200 ரூபாய் என்னும் விலை, ஒரு துண்டில் 12 என்றும் அடுத்த துண்டில் 00 என்றும் பிரிந்து வரலாம். லெக்சரை உருவாக்கித் தரும் ஃப்ளெக்ஸ் கருவியின் உள்ளீட்டு மேக்ரோ சுழியத்தைத் திருப்பித் தந்தால் 'உள்ளீடு முடிந்தது' என்று பொருள். 'இப்போதைக்கு இல்லை' என்று கருதி அதைத் தந்தால், மல்லிகை பன்னிரண்டு ரூபாய்க்கு விற்றதாகப் பதிவாகிவிடும். இங்கே பதிவுகள் வரிவரியாக வருவதால், வரி முடியும் வரை பைட்டுகளைப் பஃபரில் சேர்த்து, முழு வரியை மட்டும் லெக்சருக்குத் தருவதே பாதுகாப்பானது. தமிழுக்கு இது இன்னும் இன்றியமையாதது: யு.டி.எஃப்-8 முறையில் 'மல்லி' 15 பைட்டுகள். துண்டின் எல்லை எழுத்தின் நடுவிலேயே விழலாம். ஒரு பதிவு பல வரிகளுக்கு நீளுமானால், ஸ்கேன் நிலையைச் சேமித்துத் தொடர வல்ல ரீ2சி போன்ற கருவியை நாடலாம்.

இலக்கணத்திலும் ஒரு கவனம் வேண்டும். பதிவுகளின் பட்டியலை வலப்புற மறுநிகழ்வாக ('பட்டியல் என்பது ஒரு பதிவு, பிறகு பட்டியல்' என்று) எழுதினால், முடிவு வரும் வரை பட்டியல் சுருங்காமல், அதாவது பதிவுகள் ஒரே பட்டியலாகச் சேராமல், அடுக்கு வளர்ந்துகொண்டே போகும். பைசனில் அடுக்கின் ஆழத்துக்கு இயல்பான உச்சவரம்பு 10,000. இடப்புற மறுநிகழ்வில் ('பட்டியல் என்பது பட்டியல், பிறகு ஒரு பதிவு') ஒவ்வொரு பதிவும் முடிந்தவுடன் சுருங்கி, அதற்குரிய செயல் அப்போதே நிகழும். வரிமுடிவைப் பதிவின் கடைசி டோக்கனாக வைத்தால், அடுத்த விலை வரும்வரை இந்த விலை காத்திருக்க வேண்டியதில்லை.

எழுதி முடித்தபின், ஒரே உள்ளீட்டை ஒவ்வொரு பைட் எல்லையிலும் வெட்டி இரு துண்டாகச் செலுத்துங்கள். பிறகு ஒவ்வொரு பைட்டாகவும் செலுத்துங்கள். முழுதாகச் செலுத்தியபோது கிடைத்த விடையே ஒவ்வொரு முறையும் கிடைக்க வேண்டும்.