குன்னூர் எலிகளும் நம்ம கேள்வி நேரமும்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. காலைல இருந்து மழ விடற மாதிரியே தெரியல, இதுலயும் வெலிங்டன்ல இருந்தும் கோத்தகிரில இருந்தும் பஸ் புடிச்சு வந்திருக்கீங்க, அதனால சுத்தி வளைக்காம நேரா விஷயத்துக்கு வந்துடறேன். நம்ம வாசகர் வட்டத்துக்கு எழுத்தாளருங்க வர்றாங்க, டாக்டருங்க வர்றாங்க, விஞ்ஞானிங்க வர்றாங்க, நல்லாத்தான் பேசறாங்க. நான் பேச வந்தது அவங்களப் பத்தி இல்லீங்க, அவங்க பேசி முடிச்சப்புறம் நாம கேக்கற கேள்விகளப் பத்தி.

மைக் கைக்கு வந்ததும் நம்மள்ல பாதி பேரு கேள்வின்னு ஆரம்பிச்சு தனியா ஒரு சொற்பொழிவே நடத்திட்டுத்தான் உக்கார்றோம். அதக்கூட சகிச்சுக்கலாம். மீதி பாதி என்ன கேக்குதுன்னா, "டாக்டர், எனக்கு சுகர் 220 இருக்கு, நான் ராகிக் களி சாப்பிடலாமா?" வந்தவரு வருஷக்கணக்கா உக்காந்து ஒரு புத்தகம் எழுதியிருக்காரு, அவர கூப்ட்டு வெச்சு ஓசி வைத்தியம் பாத்துக்கறோம். அவரும் ரிப்போர்ட்டப் பாக்காம என்னத்தச் சொல்லுவாரு, அளவா சாப்பிடுங்கம்மான்னு சொல்லுவாரு, அதக் கேக்க இவ்வளவு தூரம் மழைல வரணுமா, வீட்டுல மாமியாரே சொல்லிடுவாங்களே!

நான் கேட்டுக்கறது ஒண்ணே ஒண்ணுதான். யாரு வந்தாலும் "இது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"ன்னு கேளுங்க. மடக்கறதுக்கு இல்ல, நிஜமாவே தெரிஞ்சுக்க. இந்தக் கேள்வியோட ருசி என்னன்னு காட்ட நான் லண்டனுக்கும் போகல, டெல்லிக்கும் போகல, நம்ம சிம்ஸ் பார்க் பக்கத்துலயே கத இருக்கு.

பாஸ்டியர் இன்ஸ்டிட்யூட் எல்லாருக்கும் தெரியும். 1902-ல ஒரு இளம்பெண்ணுக்கு வெறிநாய் கடிச்சுடுச்சு, அப்ப ஊசி போடணும்னா இமாச்சல் பக்கம் கசௌலி வரைக்கும் போகணும், அந்தப் பொண்ணு இறந்துபோச்சு, அதுக்கப்புறம் நன்கொடை எல்லாம் சேத்து 1907-ல இங்க ஆரம்பிச்சாங்க. அதே கட்டடத்துல 1918-ல ஒரே ஒரு ரூம ஒதுக்கி பெரிபெரி நோயப் பத்தி ஆராய்ச்சி பண்ண ராபர்ட் மெக்காரிசன்னு ஒரு ராணுவ டாக்டர உக்கார வெச்சாங்க. அந்த ஒத்த ரூம்தான் வளந்து வளந்து, 1958-ல ஹைதராபாத்துக்குப் போயி, இன்னிக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கு. இந்தியாவுல எவன் எந்த சாப்பாட்டுல எவ்வளவு புரோட்டீன்னு பேசினாலும் அதோட வேர் குன்னூர்ல இருக்குங்க, நம்ம ஊர்க்காரங்களுக்கே இது பாதிப் பேருக்குத் தெரியாது.

பெரிபெரின்னா என்ன? கால் மரத்துப்போகும், வீங்கும், நடக்க முடியாது, கடைசில இதயமே பலவீனமாகி ஆளு போயிடுவாரு. அந்தக் காலத்துல எல்லாரும் கிருமியத் தேடிட்டு இருந்தாங்க, ஏன்னா அது பாஸ்டியர் காலம், எந்த நோய்க்கும் பின்னால ஒரு கிருமி இருந்தே ஆகணும்னு நெனச்சாங்க. ஜாவால எய்க்மன்னு ஒரு டச்சு டாக்டர், அவரும் கிருமியத் தேடத்தான் கோழி வளத்தாரு. திடீர்னு கோழிகளுக்கு கால் விழுந்துபோச்சு, கொஞ்ச நாள்ல தானாவே சரியும் ஆயிடுச்சு. என்னடான்னு விசாரிச்சா, நடுவுல கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி சமையல்ல மிச்சமான பாலிஷ் பண்ண வெள்ளச் சோத்தப் போட்டிருக்காங்க, அப்புறம் புதுசா வந்த சமையக்காரரு, மிலிட்டரி அரிசிய சிவிலியன் கோழிக்கு எல்லாம் குடுக்க முடியாதுன்னு நிறுத்திட்டாரு! இத அவரே பின்னாடி நோபல் உரைல சொல்லியிருக்காரு. பரிசு வந்தது 1929-ல.

இதுல எனக்குப் புடிச்ச இடம் வேற. அரிசிக்கும் நோய்க்கும் சம்பந்தம் இருக்குன்னு எய்க்மன் சரியாப் புடிச்சாரு, ஆனா காரணம் கேட்டா, சோத்துல ஏதோ நச்சு இருக்கு, தவிட்டுல அதுக்கு மாத்து இருக்குன்னு சொன்னாரு. இருக்கறது கெடுதல் இல்ல, இல்லாததுதான் கெடுதல்னு 1901-ல சொன்னவரு அவருக்கு அப்புறம் அதே வேலைய எடுத்துச் செஞ்ச கிரைன்ஸ். பாத்தது உண்மை, விளக்கம் வேற. ஒரு நிபுணரு நம்மகிட்ட பேசும்போது இந்த ரெண்டும் ஒண்ணாக் கலந்துதான் வரும். எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டாத்தான், நீங்க பாத்தது எது, யூகிச்சது எதுன்னு அவரே பிரிச்சுச் சொல்லுவாரு. நல்ல ஆளுங்க இந்தக் கேள்விக்கு சந்தோஷப்படுவாங்க, மூஞ்சி சுளிக்கறவங்க புத்தகத்த நான் அவசரப்பட்டு வாங்க மாட்டேன், அது என் கணக்கு.

புழுங்கல் அரிசிக் கதையும் இங்கயே வருது. நெல்ல ஊற வெச்சு அவிச்சுக் காய வெக்கும்போது தவிட்டுல இருக்கற பி1 வைட்டமின் கொஞ்சம் அரிசிக்கு உள்ள எறங்கிடும், அப்புறம் மில்லுல தீட்டினாலும் முழுசாப் போகாது. அதனாலதான் மில்லுல தீட்டின பச்சரிசி சாப்பிட்ட ஆந்திரக் கடலோரத்துல பெரிபெரி நெறைய இருந்துச்சு, புழுங்கல் சாப்பிட்ட நம்ம பக்கம் அவ்வளவா இல்ல. எந்த பாட்டியும் பி1-க்காக நெல்லு அவிக்கல. எங்க முன்னோருக்கு எல்லாம் தெரியும்னு உடனே கையத் தட்டாதீங்க, அதே முன்னோர்தான் அரிசிய நாலு தடவ களைஞ்சு கஞ்சியையும் வடிச்சுக் கொட்டினாங்க, அந்தத் தண்ணிலயும் பி1 போயிடும்.

சரி, எலிக்கு வர்றேன். மெக்காரிசன் என்ன பண்ணாருன்னா, இந்தியாவுல ஒவ்வொரு பகுதி ஜனங்களும் சாப்பிடறத அப்படியே சமைச்சு எலிகளுக்குப் போட்டாரு. கூண்டு ஒண்ணு, சுத்தம் ஒண்ணு, வெளிச்சம் ஒண்ணு, சாப்பாடு மட்டும் வேற வேற. முழு கோதுமை சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்னு சீக்கியர் சாப்பாடு தின்ன எலி திம்முனு வளந்துச்சு. வரிசைல கடைசி யாருன்னு நெனைக்கறீங்க? நம்ம மதராஸ் சாப்பாடு! நிறைய வெள்ள அரிசி, பால் காய் எல்லாம் பேருக்கு. சிரிக்காதீங்க, இன்னொண்ணும் இருக்கு. பிரிட்டன் ஏழைங்க சாப்பாடுன்னு ஒரு கூண்டு வெச்சாரு, வெள்ள ரொட்டி, மார்ஜரின், சர்க்கரை போட்ட டீ, ஜாம், வேக வெச்ச காய், டின் கறி. அந்த எலிங்க சரியா வளரல, வேல செய்யறவங்களையே கடிக்க வந்துச்சு, போகப் போக அதுக்குள்ளயே பலவீனமானத அடிச்சுத் தின்ன ஆரம்பிச்சுடுச்சு. அத நெனச்சுக்கிட்டே நம்ம குன்னூர் பெட்போர்டு பக்கம் நாலு மணிக்கு டீயும் வர்க்கியும் கையுமா நிக்கற கூட்டத்தப் பாத்தா எனக்கு கொஞ்சம் திக்குன்னு இருக்கும், நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்திதான்.

இப்ப யூட்யூப்ல இருக்கற ஒருத்தரா இருந்தா, "பாத்தீங்களா, விஞ்ஞானமே நிரூபிச்சிருச்சு, அரிசி விஷம்"னு தம்ப்நெயில் போட்டுருவாரு. நாம கேக்க வேண்டியது, எலி எவ்வளவு சொல்லும்? எலி சீக்கிரம் வளரும், ஆயுசு கம்மி, அதனால நமக்கு பல வருஷம் ஆகற மாற்றத்த சில மாசத்துல பாத்துடலாம், அது வசதி. ஆனா எலி தன் உடம்புலயே வைட்டமின் சி தயாரிச்சுக்கும், நமக்கு அது முடியாது. அதனால காய்கறி பழமே இல்லாம ஸ்கர்வி வந்து ஈறுல ரத்தம் வர்ற மனுஷனப் பத்தி எலி ஒண்ணுமே சொல்லாது, அதுக்கு கினிப் பன்னிகிட்டதான் போகணும், அதுக்கும் நம்மள மாதிரி சி தயாரிக்க வராது. இன்னொரு விஷயம், மதராஸ் சாப்பாடுன்னு போட்டது எந்த மதராஸ்காரரு சாப்பாடு? தஞ்சாவூர் மிராசுதார் வீட்டு இலையும் மதராஸ் சாப்பாடுதான், கூலிக்காரர் தட்டும் மதராஸ் சாப்பாடுதான். பாலும் காயும் இல்லாம போனதுக்கு ஊரு காரணமா, காசு காரணமான்னு எலிகிட்ட கேக்க முடியாதுல்ல.

மெக்காரிசன் கதைலயே இதுக்கு பெரிய உதாரணம் இருக்கு. குன்னூர் வர்றதுக்கு முன்னாடி காஷ்மீருக்கு வடக்க மலைல இருக்கற கில்கிட் பக்கம் வேலை பாத்தாரு, அங்க ஹன்சா பள்ளத்தாக்கு ஜனங்க ரொம்ப ஆரோக்கியமா இருக்காங்கன்னு எழுதினாரு. ஆயுசு ரொம்ப அதிகம், அங்க இருந்தப்ப கேன்சர் ஒண்ணக்கூட பாக்கலன்னும் எழுதினாரு. அப்புறம் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் எழுதி எழுதி, ஹன்சாவுல எல்லாரும் 120 வயசு வாழறாங்க, ஆப்ரிகாட் பழந்தான் ரகசியம், கேன்சரே கெடையாதுன்னு ஆயிடுச்சு. அப்ப அங்க பொறப்புப் பதிவே கெடையாது, பின்னாடி போயிப் பாத்த டாக்டருங்க எல்லா ஊரு மாதிரியும் அங்கயும் நோய்நொடி இருக்கறதப் பாத்தாங்க. இன்னிக்கும் வாட்ஸப்ல வருது, என் தம்பியே எனக்கு ஃபார்வர்ட் பண்ணுவான். ஒரு டாக்டர் எழுதின நாலு வரி எத்தன கை மாறி எப்படி ஊதிப் பெருசாகுதுன்னு பாருங்க.

மெக்காரிசனுக்கு அடுத்து 1935-ல குன்னூருக்கு டைரக்டரா வந்தவரு ஆய்க்ராய்டு. 1937-ல இந்திய உணவுகள்ல என்னென்ன சத்து எவ்வளவுன்னு ஒரு சின்னப் புத்தகம் போட்டாங்க, அரசாங்கத்தோட ஹெல்த் புல்லட்டின் 23-ம் நம்பர். அத சேலத்துல பொறந்த டாக்டர் கோபாலனும் கூட வேலை செஞ்சவங்களும் 1971-ல புதுசாக் கொண்டு வந்தாங்க, அப்புறம் 2017-ல 528 உணவுகளுக்கு மறுபடி அளந்து வெளியிட்டாங்க. கோபாலன் பொறந்த வருஷமும் 1918, அந்த ஒத்த ரூம் ஆரம்பிச்ச வருஷமும் 1918, சும்மா ஒரு ஆச்சரியம், அவ்வளவுதான். இந்த அட்டவணைல புரோட்டீன்னு ஒரு நம்பர் இருக்குல்ல, அது எப்படி வருதுன்னு யாராவது கேட்டிருக்கீங்களா? புரோட்டீன யாரும் நேரா எடை போடறது இல்ல. நைட்ரஜன் எவ்வளவுன்னு அளந்து அத பொதுவா 6.25-ஆல பெருக்கறாங்க. நல்ல கணக்குதான், ஆனா கணக்கு. உங்க போன் ஆப்ல தசமப் புள்ளிக்கு அப்புறம் ரெண்டு எண் காட்டுதேன்னு மயங்கிடாதீங்க.

ஆய்க்ராய்ட நான் மதிக்கறது அந்தப் புத்தகத்துக்காக இல்ல. 1943 வங்காளப் பஞ்சத்த விசாரிச்ச கமிஷன்ல அவரும் ஒரு உறுப்பினரு. செத்தவங்க சுமார் 15 லட்சம்னு அந்தக் கமிஷன் சொல்லுச்சு. பல வருஷம் கழிச்சு 1974-ல பஞ்சங்களப் பத்தி அவரு எழுதின புத்தகத்துல, அந்த எண் கம்மிதான், ரோட்டோரமா விழுந்து செத்தவங்கள நாங்க சரியாக் கணக்குல எடுக்கலன்னு அவரே எழுதினாரு. பின்னாடி ஆராய்ஞ்ச பலர் அத 30 லட்சத்துக்குக் கிட்ட கொண்டு போறாங்க. யோசிச்சுப் பாருங்க, ரிட்டயர் ஆனப்புறம், யாரும் கேக்காதப்ப, தான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்ட தானே திருத்தறதுக்கு ஒரு மனசு வேணும். அவரு மாதிரி ஒருத்தர் இந்த மேடைல உக்காந்திருந்தா, அவருகிட்ட போயி சுகருக்கு ராகியான்னு கேப்போமா? உங்க கருத்த எது மாத்துச்சு, எப்ப மாத்துச்சுன்னு கேக்கணும்ங்க. எழுத்தாளருகிட்டயும் இதே கேள்விதான், நாவல் எழுதறவங்ககிட்டயும் கேக்கலாம், எந்த அத்தியாயத்த தூக்கி எறிஞ்சீங்க, ஏன்னு. கதைக்கு இன்ஸ்பிரேஷன் எங்க கெடச்சுதுன்னு மட்டும் தயவு செஞ்சு கேக்காதீங்க, அதுக்கு எல்லாரும் ஒரு ரெடிமேட் பதில் வெச்சிருக்காங்க.

அடுத்த மாசம் ரத்தசோகை பத்தி ஒரு டாக்டரம்மா பேச வர்றாங்க, அதுக்கு இப்பவே ஒண்ணு சொல்லி வெக்கறேன். ரேஷன் அரிசில செறிவூட்டப்பட்ட அரிசி கலக்க ஆரம்பிச்சாங்க, நூத்துக்கு ஒண்ணுங்கற கணக்குல, அதுல இரும்பும் ஃபோலிக் ஆசிடும் பி12-ம் இருக்கு. பிளாஸ்டிக் அரிசின்னு பொறுக்கித் தூர எறியறவங்க இன்னும் இருக்காங்க, அது பிளாஸ்டிக் இல்ல, அரிசி மாவுல சத்து கலந்து அச்சுல பண்ணினது. ஆனா நம்ம மலைக்கு மட்டும் ஒரு கேள்வி இருக்கு. ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சுபோற பரம்பரைக் கோளாறு ஒண்ணு இருக்கு, அரிவாள் செல்னு பேரு, இந்தியாவுல அத மொதல்ல கண்டு எழுதினது நீலகிரி பழங்குடி மக்கள்கிட்டதான், 1952-ல. அந்தக் கோளாறு இருக்கறவங்களுக்கு கூடுதல் இரும்பு ஆகுமாங்கறது பெரிய விவாதம். மூட்டைல முன்னாடி ஒரு எச்சரிக்கை வரி போட்டிருந்தாங்க, நிபுணர் குழு ஆராய்ஞ்சு இந்த அளவுக்கு ஆபத்து இல்லன்னு சொல்ல, 2024-ல அத எடுத்துட்டாங்க. அத ஒத்துக்காத டாக்டருங்களும் இருக்காங்க. ரெண்டு பக்கமும் படிச்சவங்கதான். இதுதாங்க கேக்க வேண்டிய இடம், எத்தன பேர வெச்சுப் பாத்தீங்க, எவ்வளவு நாளு, அதுல அரிவாள் செல் இருக்கறவங்க எத்தன பேருன்னு. கூடலூர் பக்கத்துப் பழங்குடி ஊருங்கள்ல இருந்து வர்றவங்க இருந்தா அவங்க கேள்விக்கு மொதல் இடம் குடுத்துடலாம், இது அவங்க வீட்டு சாப்பாட்டு விஷயம், நமக்கு வெறும் ஆர்வம்.

அந்தம்மா எழுதின புத்தகம் ரெண்டு காப்பி நூலகத்துல வாங்கி வெச்சிருக்கோம், ஒரு ஆளு ஒரு வாரத்துக்கு மேல வெச்சுக்க வேண்டாம். படிச்சவங்க கேள்விய ஒரு சீட்டுல எழுதி கவுண்டர்ல இருக்கற டப்பால போடுங்க, பேரு எழுதணும்னு இல்ல. சொந்த உடம்பு சந்தேகம் இருந்தா கூட்டம் முடிஞ்சு அரை மணி நேரம் தனியா உக்காந்து பேசறேன்னு அவங்களே சொல்லியிருக்காங்க, ரிப்போர்ட்டோட வாங்க. இப்ப என்கிட்ட யாருக்காவது கேள்வி இருக்குதா, அந்த ஜன்னலோரம் இருக்கற அக்கா ரொம்ப நேரமாக் கை தூக்கறாங்க, மொதல்ல நீங்க சொல்லுங்க.