நியூயார்க் வக்கீல் பார்ட்னர் ஆக எத்தனை வருஷம்? 6 நிமிஷத்துல இருந்து எண்ணுங்க!

நியூயார்க்ல பெரிய சட்ட ஃபர்ம்கள்ல முதல் வருஷச் சம்பளமே 2,25,000 டாலர். ஆனா சேர்றவங்கள்ல பெரும்பாலானவங்க பார்ட்னர் ஆகாமலேயே வெளிய போயிடுறாங்க. ஏன்னு பார்த்துடலாம், வாங்க!

பின்னணி சட்டுனு: 4 வருஷம் காலேஜ், 3 வருஷம் சட்டம், வக்கீல் லைசன்ஸுக்கான பார் எக்ஸாம், அப்புறம் பெரிய ஃபர்ம்ல அசோசியேட், அதாவது இன்னும் பார்ட்னர் ஆகாத, சம்பளத்துக்கு வேலை பார்க்குற வக்கீல். நூறு வருஷத்துக்கு முன்னாடி பால் க்ராவத்னு ஒரு நியூயார்க் வக்கீல் போட்ட பாதை இது. பார்ட்னரா ஏறு, இல்லேன்னா ஃபர்மை விட்டு இறங்கு.

[திரையில்: டைம்ஷீட்]

இப்போ இதைப் பாருங்க. கிளையன்ட்டுக்கு பில் போடுறதுக்காக வக்கீலோட ஒரு மணி நேரத்தைப் பத்துத் துண்டா வெட்டுறாங்க. ஒரு துண்டு 6 நிமிஷம். கிளையன்ட் கூட போன்ல 4 நிமிஷம் பேசினாலும் 0.1னு ஏறும். 12 நிமிஷம் ஒப்பந்தம் படிச்சா 0.2. யாருக்காக, என்ன வேலைன்னு பக்கத்துலயே ஒரு வரி எழுதணும். வருஷத்துக்கு 2,000 மணி நேரம் பில் பண்ணணும்ங்கிறது பல ஃபர்ம்கள்ல எதிர்பார்ப்பு. அப்போ 20,000 துண்டு. ஒன்பது வருஷத்துக்கு 1,80,000 துண்டு, மக்களே! சாப்பாடு, டீ, ஆபீஸ் மீட்டிங் எதுவும் இந்தக் கணக்குல வராது. கல்யாணம், குழந்தை, வீட்டுல அப்பா அம்மாவுக்கு முடியாமப் போறது எல்லாமே இந்த வருஷங்களுக்குள்ளதான் வரும். எனக்கு இது நியாயமாவே படல.

சரி, எத்தனை வருஷம்? பொதுவா 8லிருந்து 10. ஆனா எந்தப் பார்ட்னர்னு கேட்டே ஆகணும். ஈக்விட்டி பார்ட்னர் கையில இருந்து முதல் போட்டு லாபத்துல பங்கு எடுக்குறவர். அந்த முதலுக்கே பேங்க்ல கடன் வாங்குறவங்க நிறைய. நான்-ஈக்விட்டி பார்ட்னருக்கு விசிட்டிங் கார்டுல அதே பட்டம்தான், ஆனா ஃபர்ம்ல பங்கு கிடையாது. கிர்க்லண்ட் அண்ட் எல்லிஸ்ங்கிற பெரிய ஃபர்ம்ல இந்த நான்-ஈக்விட்டி பட்டம் சுமார் 6 வருஷத்துலயே வந்துடும். க்ராவத் ஆரம்பிச்சு வெச்ச பாதையில நடந்த அதே க்ராவத் ஃபர்ம்கூட, 2023ல பங்கு இல்லாத சம்பளப் பார்ட்னர்னு ஒரு அடுக்கைக் கொண்டுவந்துடுச்சு.

அமெரிக்காவுல எல்எல்எம் (சட்ட மேற்படிப்பு) முடிச்சுட்டு அங்கயே வேலை தேடுற தம்பி தங்கைங்களே, இன்டர்வியூவுல "பார்ட்னர் ஆக எத்தனை வருஷம்"னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. "ஈக்விட்டிக்கு எத்தனை வருஷம்? போன வருஷம் எத்தனை பேரை எடுத்தீங்க?"னு கேளுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு கமென்ட்ல எழுதுங்க, ஒண்ணு விடாம படிக்கிறேன்.