உண்ட வீட்டுக்கு இரண்டகம்: 'வைஸ்கை' தொடரின் முதல் கதை

வணக்கம் நண்பர்களே. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது, 1987 செப்டம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 1990 டிசம்பரில் முடிந்த 'வைஸ்கை' என்னும் தொடர். மாஃபியா கும்பலுக்குள் வேடமிட்டு நுழையும் ஓர் அரசு அதிகாரியின் கதை அது. இவ்வகைக் கதைகளை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம். அவற்றுள் பெரும்பாலானவை 'மாட்டிக்கொள்வானா, தப்பிவிடுவானா' என்ற பதைப்பை நம்பியே நகர்கின்றன. இத்தொடரிலும் அந்தப் பதைப்பு உண்டு. ஆனால் முதல் ஒன்பது, பத்து வாரங்களுக்கு நீளும் அதன் தொடக்கக் கதையை அண்மையில் இரண்டாம் முறை பார்த்து முடித்தபோது, என்னை உறங்கவிடாமல் செய்தது வேறொரு கேள்வி. ஒருவனுடைய மேசையில் அமர்ந்து உண்டு, அவனுடைய நம்பிக்கையையும் அன்பையும் முழுமையாகப் பெற்று, பிறகு அவனையே சிறைக்கு அனுப்புவதைப் பணியாகக் கொண்ட ஒருவன், தன்னை என்னவென்று நினைத்துக்கொள்வான்?

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடரை உருவாக்கியவர்கள் ஸ்டீஃபன் ஜே. கேனல், ஃபிராங்க் லூபோ ஆகிய இருவர். கென் வால் நடித்த வின்னி டெரனோவா, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வளர்ந்த இத்தாலியக் குடும்பத்து இளைஞன். ஒருங்கிணைந்த குற்றங்களை விசாரிக்கும் மத்திய அரசுப் பிரிவு ஒன்றில் இரகசிய அதிகாரி. கும்பல் தன்னை நம்ப வேண்டும் என்பதற்காக, செய்யாத குற்றத்தின் பெயரில் பதினெட்டு மாதங்கள் உண்மையான சிறையில் கழித்துவிட்டு வெளியே வருகிறான். பாதிரியாராக இருக்கும் சகோதரனுக்கு மட்டும் உண்மை தெரியும். பெற்ற தாயோ மகன் ரவுடியாகிவிட்டான் என்று நம்பி நொந்துகொண்டிருக்கிறாள். துப்பாக்கிச் சண்டைகளைவிட இந்தத் தாயின் முகம்தான் என்னை அதிகம் வருத்தியது. பகைவர்களின் முன் பொய் சொல்வதற்குப் பயிற்சி கொடுக்கலாம். அம்மாவின் முன் பொய்யாகவே வாழ்வதற்கு எந்தப் பயிற்சி உதவும்?

வின்னியை வெளியுலகத்தோடு இணைத்து வைப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவனுடைய மேலதிகாரி ஃபிராங்க் மெக்பைக். பிற்காலத்தில் 'பிரேக்கிங் பேட்' தொடரில் மைக்காக நாம் கண்ட ஜோனதன் பேங்க்ஸ்தான் அவர். மற்றவர் 'லைஃப்கார்டு' என்ற குறிப்புப் பெயரில், தொலைபேசிக் கருவிகள் நிறைந்த ஓர் அறையில் இருந்து வின்னியின் அழைப்புகளை ஏற்பவர். யாரேனும் ஒட்டுக்கேட்டால்கூடச் சந்தேகம் எழக்கூடாது என்பதால், வின்னி அவரை 'அங்கிள் மைக்' என்று அழைப்பான். ஜிம் பர்ன்ஸ் என்னும் புளூஸ் இசைக்கலைஞர் இந்தப் பாத்திரத்தில் நடித்தார். 1972ஆம் ஆண்டு நேர்ந்த ஒரு விபத்தில் இரு கால்களையும் இழந்தவர் அவர். பாத்திரமும் அவ்வாறே எழுதப்பட்டிருந்தது. அதைக் காட்டி நம்மிடம் இரக்கம் கேட்காமல், அறிவும் பொறுப்பும் மிக்க ஒரு சக பணியாளராகவே அவரைத் தொடர் நடத்தியது. 1980களின் தொலைக்காட்சியில் இந்தக் கண்ணியத்தை எளிதில் காண முடியாது.

இனி முதல் கதைக்கு வருகிறேன். இடம் அட்லாண்டிக் சிட்டி. சூதாட்ட விடுதிகளின் நகரம். அங்கே சானி ஸ்டீல்கிரேவ் என்ற கும்பல் தலைவனிடம் வின்னி போய்ச் சேர்கிறான். ரே ஷார்க்கி அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்த உயிர் சாதாரணமானது அல்ல. சானி கொடூரமானவன், அதில் ஐயமே இல்லை. ஆனாலும் சிரிப்பான், பாடுவான், வின்னியைத் தோளில் கைபோட்டு அழைத்துச் செல்வான். அண்ணன் டேவ் இறந்த பிறகு உலகத்தில் நம்புவதற்கு ஒருவருமில்லாமல் நிற்கும் அவன், அந்த வெற்றிடத்தில் வின்னியை வைக்கிறான். நமது மொழியில் 'உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தல்' என்பார்களே, அதை ஒருவன் அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டு, சட்டத்தின் பெயரால், முழு மனச்சாட்சியோடு செய்ய வேண்டியிருக்கிறது.

இந்த உறவு நம்மைத் தொடுவதற்கு, எழுத்தாளர்கள் எடுத்துக்கொண்ட கால அளவே முதன்மையான காரணம் என்று நினைக்கிறேன். அந்நாளைய துப்பறியும் தொடர்கள் பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு ஒரு குற்றவாளி என்ற கணக்கில் இயங்கின. ஒரு மணி நேரத்துக்குள் அவன் அறிமுகமாகி, பிடிபட்டு, மறக்கப்பட்டுவிடுவான். இங்கோ ஒரே எதிரியோடு வாரக்கணக்கில் வாழ்கிறோம். அவனுடைய கோபத்தையும் தனிமையையும் பழகிப்போகிறோம். எப்போது அவன் மீது நமக்குப் பிரியம் வந்தது என்பதை நாமே அறியாத நிலையில், அவனைக் காட்டிக்கொடுக்கும் நாள் வந்து நிற்கிறது.

அந்த நாள் ஒரு பழைய திரையரங்கில் நிகழ்கிறது. உண்மை தெரிந்துவிட்ட சானியும் வின்னியும் உள்ளே அடைபட்டு, கைகள் ஓயும்வரை அடித்துக்கொள்கிறார்கள். பிறகு களைத்துப்போய் அமர்ந்து பேசுகிறார்கள். 1967ஆம் ஆண்டின் ராக் பாடல் ஒன்று ஒலிக்கிறது. காவலர்கள் வந்து சேரும் நேரத்தில், சிறையை ஏற்க மறுக்கும் சானி, வின்னியின் கண்ணெதிரே மின்சாரத்தைத் தொட்டு உயிரை விடுகிறான். அரசின் கணக்கில் அது வெற்றி. வின்னியின் முகத்தில் அந்த வெற்றியின் சாயல் ஓரிடத்திலும் இல்லை.

இது எழுத்தாளர்களின் மிகையான கற்பனை என்று எவரேனும் சொன்னால், ஜோ பிஸ்டோன் என்ற எஃப்பிஐ அதிகாரியை நினைவூட்டுவேன். டானி பிராஸ்கோ என்ற பெயரில் 1976 முதல் 1981 வரை நியூயார்க்கின் பொனானோ குடும்பம் என்ற மாஃபியா கும்பலோடு அவர் பழகினார். அவருடைய சாட்சியத்தின் துணையோடு நூற்றுக்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றனர்; அவர் தலைக்கு ஐந்து இலட்சம் டாலர் விலை வைக்கப்பட்டது. அவரை நம்பி அருகில் வைத்திருந்த டாமினிக் நபோலிட்டானோ, அந்த நம்பிக்கைக்கான தண்டனையாகத் தன் கும்பலாலேயே 1981இல் கொல்லப்பட்டார். 'சானி பிளாக்' என்பதுதான் அவருடைய பட்டப்பெயர்.

அடுத்து வரும் மெல் புராஃபிட் கதையைத்தான் பலரும் தொடரின் உச்சம் என்கிறார்கள். அப்போது பரவலாக அறியப்படாதிருந்த கெவின் ஸ்பேசி, மனம் சிதைந்த பன்னாட்டுக் கடத்தல்காரனாக அதில் திகைக்க வைக்கிறார். நடிப்பின் வீச்சை நான் மறுக்கவில்லை. இருந்தாலும் மெல்லைக் கண்டு நான் அஞ்சினேனே தவிர, அவனுக்காக ஒரு கணமும் வருந்தவில்லை. அதனால் எனக்குச் சானியின் கதையே ஒரு படி மேலே நிற்கிறது. பின்னர் நியூயார்க்கின் ஆயத்த ஆடைத் தொழிலில் நடக்கும் கதையில், நகைச்சுவைக்குப் பெயர்பெற்ற ஜெர்ரி லூயிஸ், தொழிலைக் காப்பாற்றத் துடிக்கும் முதலாளியாக வருகிறார். அதையும் தவறவிடாதீர்கள். நான்காம் பருவத்தில் கென் வால் விலகிவிட்டதால், ஸ்டீவன் பாவர் வேறொரு நாயகனாக வந்தார். வின்னி இல்லாத அந்தத் தொடர் சில வாரங்களிலேயே நின்றுபோனது.

பார்க்க விரும்புகிறவர்கள் தயவுசெய்து முதல் அத்தியாயத்திலிருந்தே தொடங்குங்கள். புகழ்பெற்ற மெல் புராஃபிட் கதைக்கு நேராகத் தாவிவிடாதீர்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உரிமச் சிக்கலால், டிவிடியில் வெளியான பதிப்பில் அந்தத் திரையரங்குக் காட்சியின் பாடல் இல்லை. நான் முதலில் பார்த்தது அந்தப் பதிப்பைத்தான். பாடலோடு அமைந்த காட்சியைப் பின்னர் பார்த்தபோதுதான், அவ்விருவரும் பேச்சை நிறுத்தி எதைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார்கள் என்பது எனக்கு விளங்கியது.