மரவேலைச் சங்கத்தின் பட்டறையில்

நேயர்களுக்கு வணக்கம். மரவேலையிலும் மரச்செதுக்கலிலும் ஆர்வமுள்ளவர்கள் கூடி நடத்தும் சங்கங்களைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். அத்தகைய சங்கம் ஒன்றின் உறுப்பினர் என்ற முறையில், கண்காட்சியில் வைக்கப்படும் பொருள்களைவிட, அவை உருவாவதற்கு முன் பட்டறையில் நடக்கும் வேலையைப் பற்றியே அதிகம் சொல்ல விரும்புகிறேன். வீட்டில் தனியாக உளி பிடிப்பவர் பெரும்பாலும் தடுமாறுவது அந்த முன்வேலையில்தான்.

முதலில் மரத்தை உலர்த்துவது. பச்சை மரத்தின் ஈரம், உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. அந்தச் சுருக்கம் எல்லாத் திசைகளிலும் ஒன்றாக இருப்பதில்லை. நீளவாக்கில் அது மிகச் சொற்பம். மரத்தின் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையிலோ, நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் உள்ளதைப்போல் சுமார் இரு மடங்கு. உருட்டுக் கட்டை வெடிப்பதற்கும் பலகை குழிந்து வளைவதற்கும் இந்த வேறுபாடே முக்கியக் காரணம். ஆகவே, விழுந்த மரம் ஒன்று சங்கத்துக்குக் கிடைத்தால், அதைப் பலகைகளாக அறுத்து, இடையிடையே சட்டங்கள் வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி, முனைகளில் மெழுகு பூசி, ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்ற தோராயக் கணக்கில் காத்திருக்கிறோம். ஒருவர் வீட்டில் இதற்கு இடமும் இருக்காது, பொறுமையும் இருக்காது. பலர் சேர்ந்தால் இரண்டும் கிடைத்துவிடுகின்றன.

இதற்கு விலக்கும் உண்டு. கரண்டி செதுக்குபவர்கள் பச்சை மரத்தையே விரும்புகிறார்கள். கத்திக்கு அது இளகிக் கொடுக்கும். கட்டையைப் பொறியில் சுழலவிட்டுக் கடைசல் வேலை செய்பவர்கள், பச்சைக் கட்டையிலிருந்து கிண்ணத்தை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் இருக்குமாறு முதலில் கடைந்து, மெல்ல உலரவிட்டு, அது கோணிய பின் மீண்டும் பொறியில் ஏற்றி வட்டமாக்குகிறார்கள்.

அடுத்தது சாணை பிடிப்பது. புதிதாகச் சேருபவர்கள் பெரிய மின்ரம்பங்களைத்தான் ஆவலோடு பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், சங்கத்தின் பணத்தை முதலில் நல்ல சாணைக்கற்களில் போடுவேன். செதுக்கு உளிகளின் வளைவை எண்ணிட்டு அழைக்கும் பழைய முறை ஒன்று உண்டு. அதில் 3ஆம் எண் ஏறக்குறையத் தட்டை, 9ஆம் எண் கிட்டத்தட்ட அரைவட்டம். வளைந்த விளிம்பைக் கல்லின்மேல் உருட்டிக்கொண்டே தீட்டி, தோல்பட்டையில் மெருகேற்ற வேண்டும். மணிக்கட்டின் அந்த அசைவை, பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு மாலையில் பழகிவிடலாம்.

இனி, நாங்கள் செய்யும் பொருள்களுக்கு வருகிறேன். நோயுற்றவர்கள் கையில் பற்றிக்கொள்வதற்கென உள்ளங்கையளவில் சிறு பறவைகளைச் செதுக்குவது பல நாடுகளின் சங்கங்களில் வழக்கமாக இருக்கிறது. அவற்றில் கண்ணோ இறகோ செதுக்குவதில்லை. அலகையும் வாலையும் மழுக்கி, உப்புத்தாளால் பல முறை தேய்த்து, எண்ணெய் மட்டும் பூசுகிறோம். பார்ப்பதற்கு எளிது, ஆனால் விரல்கள் தாமாக மடங்கி அமரும் வடிவம் கிடைக்கும்வரை சீவிக்கொண்டே இருக்க வேண்டும். நுணுக்கமான சிற்பத்தில் மறைந்துவிடும் பிசகுகள், இந்த வழவழப்பான வடிவத்தில் விரலுக்கு உடனே தெரிந்துவிடும்.

கூட்டு முயற்சி என்றால், பின்தளத்திலிருந்து உருவங்கள் மேலெழுந்து நிற்கும் புடைப்புச் சிற்பப் பலகைதான். ஒரே ஓவியத்தைப் பகுதிகளாகப் பிரித்து ஆளுக்கொன்றாகச் செதுக்குவது இனிமையான யோசனை. நடைமுறையில் சண்டைக்கும் வழி! ஒருவர் ஆழமாகவும் மற்றவர் மேலோட்டமாகவும் செதுக்கினால் இணைக்கும் இடத்தில் படம் உடைந்துபோகும். எனவே மிகக் கீழான தளத்தின் ஆழத்தை முன்பே மில்லிமீட்டரில் முடிவுசெய்து, ஒரே பக்கத்திலிருந்து விளக்கொளி விழச்செய்து அடிக்கடி ஒப்பிடுகிறோம். எல்லோரும் ஒரே மரத்தைப் பயன்படுத்துவதும் அவசியம். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிரின்லிங் கிப்பன்ஸ் என்ற மரச்சிற்பி லிண்டன் மரத்தில் மலர்களையும் கனிகளையும் அவ்வளவு மெல்லிதாகச் செதுக்க முடிந்ததற்கு, அம்மரத்தின் மென்மையும் சீரான நாரும் பெரிதும் துணைநின்றன. பகுதிகளைப் பொருத்தும்போது திருகாணித் துளைகளை நீள்வடிவில் விடுகிறோம். பருவத்துக்கேற்ப மரம் விரிந்து சுருங்க அது இடம்தரும்.

பாதுகாப்பில் இரண்டை மட்டும் சொல்கிறேன். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது. ஆகவே தூசி உறிஞ்சியும் முகமூடியும் இல்லாமல் தேய்ப்பு வேலை கூடாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிப் போட்டால் அது தானாகவே தீப்பற்றக்கூடும் என்பதால், விரித்துக் காயவைத்த பிறகே எறிய வேண்டும்.

சேர விரும்புபவர்கள் உளித்தொகுப்பு எதையும் வாங்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. ஒரு சிறு செதுக்குக் கத்தியும், கட்டையைப் பிடிக்கும் கைக்கு வெட்டுத் தாங்கும் உறையும் போதும். மற்றவற்றைப் பட்டறையில் எடுத்துப் பயன்படுத்திப் பார்த்து, கைக்கு எது ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.