கடல் அழிவது அது பொதுவாக இருப்பதால் அல்ல

எல்லோருக்கும் வணக்கம்.

ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம் அழிந்தே தீரும் என்று 1968-ல் கேரட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் எழுதினார். இன்னொரு மாட்டை ஓட்டிவிட்டால் லாபம் முழுக்க எனக்கு, புல் குறைகிற நஷ்டமோ ஊருக்கு. அதனால் எவனும் நிறுத்த மாட்டான் என்பது அவர் வாதம். ஒன்று தனியாருக்குக் கொடு, இல்லை அரசே எடுத்துக்கொள் என்று இதை வைத்துப் பலர் முடிவு கட்டிவிட்டார்கள். மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் நம்பிப் பிழைக்கிற நாம் அதை அப்படியே ஒத்துக்கொள்ளக் கூடாது.

ஹார்டின் சொன்ன மேய்ச்சல்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லை. அங்கே ஊர்க்கூட்டமும் இல்லை, தெண்டமும் இல்லை. நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய்களை அவர் பார்த்திருக்க வேண்டும். மடையைத் திறந்து அடைக்க நீர்ப்பாய்ச்சி என்று ஓர் ஆளை ஊரே வைத்து, களத்திலேயே அவருக்கு நெல் அளந்தார்கள். இப்படிப்பட்ட ஏற்பாடுகளைப் பல நாடுகளில் தேடிப் படித்தவர் எலினார் ஆஸ்ட்ராம் என்ற அமெரிக்க அரசியல் அறிவியலாளர். யார் யாருக்கு உரிமை என்று தெரிந்து, விதியை அனுபவிக்கிறவர்களே போட்டு, மீறினால் கேட்க ஆள் இருந்தால் பொதுச் சொத்து தலைமுறை தலைமுறையாக நிற்கும் என்று காட்டினார். அதற்காக 2009-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துக்குப் போய்ப் பாருங்கள். பெண்கள் சேலைக்கு மேல் சட்டை மாட்டி, விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு மூச்சடக்கி முங்குகிறார்கள். கல்லில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்து என்ற கடற்பாசியைக் கையாலேயே கிள்ளி, இடுப்பில் கட்டிய வலைப்பைக்குள் போடுகிறார்கள். அடி மிஞ்சினால் பாசி மறுபடி தழைக்கும். இரும்பை வைத்துச் சுரண்டினால் அடியும் போகும், பவளப்பாறையும் சிதையும். அதனால் இரும்பு வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்றும் பேசி வைத்தார்கள். அன்றன்றைக்கு எடுத்தால்தான் அடுப்பெரியும் என்ற வீட்டுப் பெண்கள், மீதி நாளெல்லாம் பாசியை விட்டு வைக்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்! எந்த அதிகாரியும் காவல் நிற்கவில்லை. பக்கத்தில் முங்குகிற பெண்ணின் கண்தான் காவல்.

சரி, பிறகு கடல் ஏன் இந்தக் கதியில் இருக்கிறது? விசைப்படகுகள் கடலடியோடு இழுத்துப்போகும் வலைகளான இழுவைமடிகள் வந்தன. அரசே மானியம் கொடுத்து வளர்த்த தொழில் அது. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்று தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டம் சொல்கிறது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடும் நம் பக்கம் உண்டு. இரண்டும் நல்ல விதிகள்தான். ஆனால் மீறினால் கேட்பது யார்? விசைப்படகு வந்து சேரும்போது இறங்குதளத்தில் நின்று பாருங்கள். இறாலைப் பொறுக்கி எடுத்த பிறகு சங்காயம் என்று ஒரு குவியல் கிடக்கும். விரல் நீள மீன் குஞ்சுகள் எல்லாம் கோழித் தீவனத்துக்குப் போகும். நாளைக்கு நாட்டுப்படகுக்காரர் வலையில் பட வேண்டிய மீன் அது.

தனியாரிடம் கொடுத்தால் சரியாகுமா? கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை இந்தக் கடலில் மூங்கில் மிதவையில் வளர்க்க ஆரம்பித்தார்கள். நம் பெண்கள் பலருக்கு அதில் வருமானம் வந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அது மிதவையோடு நிற்கவில்லை. குருசடைத் தீவின் பவளப்பாறையில் போய்ப் படர்ந்து மூடியது. மிதவைக்குச் சொந்தக்காரர் உண்டு, பவளம் செத்த நஷ்டம் மட்டும் எல்லோர் தலையிலும். ஹார்டின் சொன்ன அதே கணக்கு, தனிச்சொத்திலும்!

அரசு எடுத்துக்கொண்டதையும் பார்த்தோம். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டித் தீவே கடலுக்குள் முங்கிய கரை இது. அதனால் பாதுகாப்பு தேவைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பவளத்தை வெட்டியவரையும் பாசி கிள்ளியவரையும் ஒரே தட்டில் வைத்தது அநியாயம். தலைமுறையாகப் போய்வந்த தீவோரத்தில் அந்தப் பெண்கள் ஒரே நாளில் அத்துமீறியவர்கள் ஆனார்கள்.

இந்த ஊரில் நான் கேட்பது இரண்டு. மீனவர் கூட்டம் எங்கே கூடினாலும் பாசி எடுக்கும் பெண்களுக்கு அதில் இடம் வேண்டும், ஓட்டும் வேண்டும். தீவோரத்தில் எந்த மாதம், எந்தப் பாசி எடுக்கலாம் என்பதை அவர்களோடு உட்கார்ந்து வனத்துறை எழுதித் தர வேண்டும். அடுத்த கிராம சபையிலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.