துப்புரவு மென்பொருளையும் கொஞ்சம் கவனியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டது என்றதும் பலரும் செய்கிற முதல் வேலை, ஒரு 'கிளீனர்' புரோகிராமைத் தேடி இறக்கிக்கொள்வதுதான். அதன்பின் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு வருடத்தில் விண்டோஸ் எவ்வளவோ மாறியிருக்கும். கிளீனரோ பழைய வீட்டின் நினைப்பில் புது வீட்டைப் பெருக்கிக்கொண்டிருக்கும். விண்டோஸும் புரோகிராம்களும் தங்கள் அமைப்புகளைக் குறித்து வைத்திருக்கும் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் அது கைவைத்தால் ஆபத்து. அங்கே நூற்றுக்கணக்கில் பதிவுகளை நீக்கினாலும் வேகம் கூடியது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வேண்டிய ஒன்று போய்விட்டால் ஏதாவது ஒரு புரோகிராம் திறக்காமல் மக்கர் பண்ணும். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது.

சரி, அப்டேட் செய்துவிட்டால் போதுமா? 2017 ஆகஸ்டில் வந்த, சிகிளீனர் என்ற பிரபலமான கிளீனரின் 5.33 பதிப்பின் 32 பிட் வடிவத்துக்குள் திருட்டு நிரல் புகுத்தப்பட்டிருந்தது. அது அதைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே, முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடு இறங்கியது. சுமார் 22 லட்சம் கம்ப்யூட்டர்களுக்குப் போனது. கெடுத்ததும் அப்டேட்தான், அதைச் சரிசெய்ய வந்த 5.34-ம் அப்டேட்தான். கம்ப்யூட்டரின் அடிமடி வரை கையை நுழைக்கும் அதிகாரம் இத்தகைய புரோகிராம்களுக்கு உண்டு. அதனால் ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒன்றையும் மாதம் ஒருமுறை அதற்குள்ளேயே போய் அப்டேட் செய்யுங்கள். 'உங்கள் கிளீனர் பழசாகிவிட்டது' என்று பிரவுசரில் குதித்து வரும் விளம்பரத்தைத் தொடவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், அந்த ஒன்றுகூடத் தேவையில்லை. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால் குப்பை வகைவகையாக எடையோடு தெரியும். டவுன்லோட்ஸ் என்ற வரியில் டிக் இருந்தால் மட்டும் அதை எடுத்துவிடுங்கள். ரேஷன் கார்டு, மார்க்‌ஷீட் என்று நீங்கள் இறக்கி வைத்ததெல்லாம் அங்கேதான் இருக்கும். முந்தைய விண்டோஸ் பதிப்பு என்று ஒரு வரி தெரிந்தால், அது பல ஜிபி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். புதுப் பதிப்பு ஒழுங்காக ஓடினால் நீக்கலாம்; ஆனால் நீக்கிய பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை.

விண்டோஸின் சொந்த ஃபைல்களே பழுதாகி, அப்டேட் பாதியில் நின்றுபோவதும் உண்டு. இதற்குக் காசில்லாத மருந்து இரண்டு. பேனா எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து, அட்மின் என்று போட்ட டெர்மினலைத் திறங்கள். விண்டோஸ் 10-இல் அது பவர்ஷெல். முதலில் டி-ஐ-எஸ்-எம், இடைவெளி, சாய்கோடு (அதாவது ஃபார்வர்ட் ஸ்லாஷ்), ஆன்லைன். இடைவெளி, சாய்கோடு, கிளீனப், ஹைஃபன், இமேஜ். இடைவெளி, சாய்கோடு, ரெஸ்டோர்ஹெல்த் என்று அடித்து என்டர். சாய்கோட்டுக்குப் பிறகும், ஹைஃபனுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி கூடாது. ரெஸ்டோர்ஹெல்த் ஒரே சொல். இணைய இணைப்பு இருக்க வேண்டும். 62 சதவீதம் போல ஏதாவது ஓரிடத்தில் அசையாமல் நிற்கும், தொங்கிவிட்டதென்று மூடிவிடாதீர்கள். அது முடிந்ததும் எஸ்-எஃப்-சி, இடைவெளி, சாய்கோடு, ஸ்கேன்நவ்.

வரிசை மாறக்கூடாது. எஸ்எஃப்சி நல்ல ஃபைல்களை எடுப்பது விண்டோஸுக்குள் இருக்கும் ஒரு கிடங்கிலிருந்து. கிடங்கே கெட்டிருந்தால் எதை வைத்துச் சரிசெய்யும்? கிடங்கைச் சீர்படுத்துவது முதல் கட்டளைதான்.

உங்களிடம் இருப்பது சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க் என்றால், சிதறிக் கிடக்கும் தகவலை ஒன்றுசேர்க்கும் பழைய டீஃப்ராக் புரோகிராம்களை நீக்கிவிடுங்கள். தகவலை இடம் மாற்றி மாற்றி எழுதுவது அதற்குத் தேய்மானம்தான், வேகம் கூடாது. அதற்கு வேண்டியது டிரிம், அதாவது நீக்கிய தகவலின் இடம் காலி என்று டிஸ்க்குக்குச் சொல்லும் வேலை; அதை விண்டோஸ் தானாகவே செய்துகொள்ளும்.

மைக்ரோசாஃப்ட் மாதாந்தர அப்டேட்டை இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடும். நமக்கு அது அன்று இரவு. புதன், வியாழனில் லேப்டாப்பை சார்ஜரில் போட்டு, திறந்திருப்பதையெல்லாம் சேவ் செய்துவிட்டு, ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் செய்து திறந்தால் பல கம்ப்யூட்டர்களில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி பழைய நிலையின் ஒரு பகுதியை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளும். முழுதாகப் புதிதாய்த் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான்.

வணக்கம்.